கணக்கில் வராத காய்ச்சல்



எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி இருக்கிறது. கையளவு நீளமுள்ள ஓர் உலோகக் குழாய். அதிலிருந்து செல்லும் ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில் எண்களைக் காட்டும் ஒரு பெட்டி. அவ்வளவுதான். இதற்குக் கைகர்-முல்லர் எண்ணி என்று பெயர். ஜெர்மனியில் கைகர், முல்லர் என்ற இரு அறிஞர்கள் 1928-ஆம் ஆண்டில் இதற்கு உருக்கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிரியக்கத் துகள் ஒன்று குழாய்க்குள் புகுந்தால் 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். பெட்டியில் ஓர் எண் கூடும்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் சோதனை வகுப்பில் மாணவர்கள் ஒரே தவற்றைச் செய்வார்கள். கதிரியக்கப் பொருளைக் குழாயின் முன்னால் வைத்துவிட்டு உடனே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். "பின்னணியை எடுத்தீர்களா?" என்று கேட்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதிரியக்கப் பொருள் எதுவும் அருகில் இல்லாதபோதும் இந்தக் கருவி அவ்வப்போது 'டிக், டிக்' என்று ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும், தரையிலும் சுவரிலும் இயற்கையாகவே உள்ள கதிரியக்கப் பொருள்களும் இதற்குக் காரணம். இந்தப் பின்னணி எண்ணிக்கையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், பிறகு வரும் எண்ணில் எது புதியது, எது வழக்கமானது என்று சொல்ல முடியாது.

ஆனால் இன்று நான் உங்களிடம் பேச வந்தது கதிரியக்கத்தைப் பற்றி அன்று; காய்ச்சலைப் பற்றி. நோய்க் கிருமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது ஊருக்குள் நுழைந்துவிட்டது என்பதை அறிய ஓர் அரசுக்கும் ஓர் 'எண்ணி' தேவைப்படுகிறது. எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாள்தோறும் எண்ணி மேலிடத்துக்குச் சொல்லும் ஏற்பாடு அது. 'நோய்க் கண்காணிப்பு' என்று அதைச் சொல்கிறார்கள். அதன் உறுப்புகள் கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ஆய்வகப் பணியாளர், பதிவேட்டில் எழுதும் எழுத்தர் ஆகியோர்.

ஆய்வுக்கூடத்துக் கருவிக்கு உள்ள விதிகள் இந்தப் பெரிய கருவிக்கும் பொருந்தும். ஒன்று, ஆபத்து வருமுன்பே அது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு, அது தாமதமின்றிக் காட்ட வேண்டும். மூன்று, எண்ணிக்கை கூடும்போது திணறக்கூடாது. நான்கு, அது காட்டும் எண்ணைப் பார்த்து யாராவது எழுந்து நடக்க வேண்டும். இந்த நான்கு விதிகளில் அரசுகள் எங்கெங்கே தவறின, அதற்கு மக்கள் கொடுத்த விலை என்ன என்பதை இப்போது பார்ப்போம்.

பின்னணி தெரியாத காடு

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்றொரு நாடு உண்டு. அதன் தென்கிழக்கு மூலையில், காட்டையொட்டி மெலியாண்டு என்ற சிற்றூர் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே ஒரு சிறு குழந்தை காய்ச்சலும் வாந்தியும் கண்டு இறந்துபோயிற்று. அடுத்து அந்தக் குடும்பத்தில் சிலர் இறந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை செய்தவர்களும், இறுதிச் சடங்குக்கு வந்தவர்களும் நோயில் விழுந்தார்கள்.

யாருமே கவனிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2014 ஜனவரி இறுதியில் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வந்து விசாரித்தார்கள். அறிகுறிகளைப் பார்த்துக் காலராவாக இருக்கலாம் என்று கருதினார்கள். அந்தப் பகுதியில் காலராவும் உண்டு, மலேரியாவும் உண்டு, லாசா காய்ச்சலும் உண்டு. காய்ச்சல் வந்து இறப்பது அங்கே அரிய செய்தி அன்று. நோயைப் பிரித்தறியும் ஆய்வகம் பக்கத்தில் இல்லை. நோய் பரவிய கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் ஒரு லட்சம் மக்களுக்கு ஓரிரு மருத்துவர்களே இருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் நம் மாணவர் செய்த அதே தவறு இங்கே ஒரு நாட்டின் அளவில் நிகழ்ந்தது. வழக்கமாக ஒரு மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், எதனால் இறப்பார்கள் என்ற கணக்கு இல்லாத இடத்தில், வழக்கத்துக்கு மாறான பத்து இறப்புகள் கண்ணில் படுவதில்லை. பின்னணி இரைச்சலில் புதிய ஒலி அமுங்கிப்போயிற்று.

கடைசியில் இரத்த மாதிரிகள் விமானமேறி பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குப் போயின. 2014 மார்ச் 22-ஆம் நாள் விடை வந்தது: எபோலா வைரஸ். அதற்குள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. மறுநாள் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அறிவிப்பில் இருந்த கணக்கு: நோயுற்றவர் 49 பேர், அவர்களில் இறந்தவர் 29 பேர்.

தாமதத்தின் விலை என்ன?

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

எண்ணிக்கையின் எல்லா உயர்வும் ஒரே விதமானது அன்று. உங்கள் உண்டியலில் நாளுக்கு ஒரு ரூபாய் போட்டால், பத்து நாள் தாமதத்துக்கு நட்டம் பத்து ரூபாய்தான். ஆனால் தொற்றுநோய் உண்டியல்போல் வளர்வதில்லை. ஒருவரிடமிருந்து இருவருக்கு, இருவரிடமிருந்து நால்வருக்கு என்று அது பெருக்கல் முறையில் வளரும். ஆகவே, "எத்தனை நாள் தாமதம்?" என்று கேட்டால் போதாது. "அந்தத் தாமதத்துக்குள் எத்தனை முறை இரட்டித்தது?" என்று கேட்க வேண்டும்.

மார்ச் 23-இல் 49 பேர் என்று பார்த்தோம். ஆகஸ்ட் 4-ஆம் நாள் கணக்கு 1,711 பேர். 49-ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்: 98, 196, 392, 784, 1568. ஐந்து முறை இரட்டித்தால் ஏறக்குறைய 1,711-ஐ நெருங்கிவிடுகிறோம். இடையில் 134 நாள்கள். ஐந்தால் வகுத்தால் சுமார் 27 நாள். அதாவது 27 நாளுக்கு ஒருமுறை நோயாளிகளின் எண்ணிக்கை இரட்டித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நாடுவாரியாகக் கணக்கிட்டு வெளியிட்ட மதிப்புகள்: கினியில் சுமார் 16 நாள், லைபீரியாவில் சுமார் 24 நாள், சியரா லியோனில் சுமார் 30 நாள். நம் பென்சில் கணக்கு அவர்கள் கணக்கிலிருந்து வெகு தூரம் விலகவில்லை, பார்த்தீர்களா?

இனி அதே கணக்கைப் பின்னோக்கிப் போடுவோம். 49 பேருக்கு ஓர் இரட்டிப்பு முன்பு ஏறத்தாழ 24 பேர். அதற்கும் முன்பு 12 பேர். அதற்கும் முன்பு 6 பேர். ஜனவரி இறுதியில் சுகாதாரப் பணியாளர்கள் மெலியாண்டு பக்கம் வந்தபோதே ஒரு நல்ல ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால், தேட வேண்டியவர்கள் ஒரு வகுப்பறை பெஞ்சுகள் சிலவற்றில் அடங்கியிருப்பார்கள்.

நோயின் பெயர் தெரிந்த பிறகும் தாமதம் நிற்கவில்லை. மார்ச் 31-ஆம் நாள் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற தொண்டு அமைப்பு, இது இதற்குமுன் கண்டிராத பரவல் என்று எச்சரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளரோ, பரவல் இன்னும் சிறிய அளவிலேயே இருக்கிறது என்று பதில் சொன்னார். அன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் பெருக்கல் முறையில் வளரும் ஒன்றின் இன்றைய அளவைப் பார்த்து ஆறுதல் கொள்ளலாகாது. பன்னாட்டு நெருக்கடிநிலை ஆகஸ்ட் 8-ஆம் நாள்தான் அறிவிக்கப்பட்டது. எல்லாம் முடிந்தபோது அந்த மூன்று நாடுகளில் நோயுற்றவர் 28,616 பேர். இறந்தவர் 11,310 பேர்.

கருவியே திணறினால்?

கைகர்-முல்லர் எண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு துகளை எண்ணி முடித்தபின், மிகக் குறுகிய நேரத்துக்கு, அதாவது நொடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, அது செயலற்று இருக்கும். அந்த நேரத்தில் வரும் துகள் கணக்கில் சேராது. கதிர்வீச்சு குறைவாக இருக்கும்போது இதனால் தீங்கில்லை. மிக வலிமையான கதிரியக்கப் பொருளை அருகே கொண்டுபோனால், கருவி உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். சில கருவிகள் பூஜ்யத்துக்கே இறங்கிவிடும்! உண்மையான ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது, முள் 'ஆபத்தில்லை' என்று காட்டும்.

2014 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் இதுதான் நடந்தது. சிகிச்சை முகாம்களில் படுக்கைகள் நிறைந்துவிட்டன. வாசலுக்கு வந்த நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பிப் போனவர் வீட்டில் இறந்தார். எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அறிவிக்கப்படும் எண்கள் உண்மை நிலையை மிகவும் குறைத்துக் காட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தினர் அந்த நேரத்தில் வருங்காலத்தைக் கணித்தபோது, அறிவிக்கப்பட்ட எண்ணை இரண்டரையால் பெருக்கிக்கொண்டார்கள். கருவி திணறுகிறது என்பதை அறிந்து செய்த திருத்தம் அது.

ஆகவே ஒரு பாடம். தொற்றுநோய்க் காலத்தில் எண்ணிக்கை திடீரென்று உயராமல் நின்றால், உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். "நோய் குறைந்ததா, எண்ணுவது குறைந்ததா?" என்று முதலில் கேளுங்கள்.

லாகோஸ் நகரில் ஒரு மருத்துவர்

மனம் கனத்துவிட்டதா? அதே ஆண்டில், அதே கண்டத்தில், வேறு விதமாக முடிந்த கதையையும் கேளுங்கள்.

2014 ஜூலை 20-ஆம் நாள் லைபீரியாவிலிருந்து ஒரு பயணி நைஜீரியாவின் லாகோஸ் நகரில் விமானத்திலிருந்து இறங்கினார். லாகோஸ் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழும் மாநகரம். இறங்கும்போதே அவருக்குக் கடும் காய்ச்சல். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் மலேரியா என்றே கருதப்பட்டது. மருத்துவர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ என்ற அம்மையார் ஐயம் கொண்டார். எபோலா நோயாளி யாருடனும் தொடர்பில்லை என்று பயணி சொன்னதை அவர் அப்படியே ஏற்கவில்லை. மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார். பயணி ஒரு முக்கியமான மாநாட்டுக்குப் போகவேண்டியவர். அவரை உடனே விடுவிக்கும்படி லைபீரிய அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். அடடேவோ அம்மையார் மறுத்துவிட்டார். சோதனை எபோலா என்று உறுதி செய்தது. அவருக்கும் நோய் தொற்றியது. ஆகஸ்ட் 19-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

ஒரு தனி மனிதரின் துணிவு மட்டும் அந்த நகரைக் காப்பாற்றிவிடவில்லை. நைஜீரியாவிடம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஒரு கருவி இருந்தது. போலியோ ஒழிப்புக்காக 2012-இல் ஒரு நெருக்கடிகால மையத்தை அந்த நாடு அமைத்திருந்தது. வீடு வீடாகச் சென்று விசாரிக்கப் பழகியவர்கள் இருந்தார்கள். எபோலாவைக் கண்டறியும் ஆய்வகம் லாகோஸ் நகரிலேயே இருந்தது. போலியோவுக்காகக் கட்டப்பட்ட அந்த ஏற்பாடு சில நாள்களுக்குள் எபோலாவின் பக்கம் திருப்பப்பட்டது.

நோயாளிகளுடன் தொடர்புகொண்ட 894 பேரை அவர்கள் கண்டுபிடித்தார்கள். எபோலா கிருமி உடலில் நுழைந்தால் 21 நாளுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரையும் 21 நாள் கவனிக்க வேண்டும். 894-ஐ 21-ஆல் பெருக்குங்கள்: 18,774. அந்தப் பணியாளர்கள் நேரில் சென்று பார்த்த முறைகள் சுமார் 18,500. அதாவது, ஏறக்குறைய ஒவ்வொரு மனிதரையும், ஒவ்வொரு நாளும், வாசலில் போய்ப் பார்த்திருக்கிறார்கள்! ஒருவர் மட்டும் கண்காணிப்பிலிருந்து நழுவி போர்ட் ஹார்கோர்ட் என்ற வேறு நகருக்குப் போனார். அங்கேயும் நோய் தொற்றியது. அங்கேயும் துரத்திப் பிடித்தார்கள். மொத்தம் நோயுற்றவர் 20 பேர். இறந்தவர் 8 பேர். அக்டோபர் 20-ஆம் நாள் நைஜீரியா எபோலா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது.

28,616 எங்கே, 20 எங்கே? வைரஸ் ஒன்றே. எண்ணும் கருவிதான் வேறு.

செல்வம் இருந்தால் போதுமா?

"அவை ஏழை நாடுகள், வேறென்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். செல்வ நாடுகளின் கதையையும் பார்ப்போம்.

2019 அக்டோபரில் உலக நாடுகளின் நோய்த்தடுப்புத் தயார்நிலையை மதிப்பிட்டு ஒரு தரவரிசை வெளியாயிற்று. முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாமிடம் பிரிட்டனுக்கு. சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பிய சோதனைப் பொருள்களில் குறை இருந்தது. மாதக் கடைசிவரை பெரும்பாலான ஆய்வகங்களால் சோதிக்கவே முடியவில்லை. கொரோனாவோ சில நாள்களிலேயே இரட்டிக்கக்கூடியது. ஒரு மாதத்தில் எத்தனை இரட்டிப்புகள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் அதற்கு நான்காண்டு முன்பே, 2016 அக்டோபரில், 'சிக்னஸ்' என்ற பெயரில் ஓர் ஒத்திகை நடத்தியது. கொடிய இன்ஃபுளூயன்சா பரவினால் என்ன ஆகும் என்று மூன்று நாள் செய்துபார்த்தார்கள். நாட்டின் ஏற்பாடுகள் போதா என்ற முடிவு வந்தது. அந்த அறிக்கை 2020 அக்டோபரில்தான் முறைப்படி வெளியிடப்பட்டது. கொரோனாவுக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2024 ஜூலையில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அரசு தவறான நோய்க்குத் தயாராகி இருந்தது. இன்ஃபுளூயன்சாவை மட்டுமே மனத்தில் வைத்திருந்தது என்று அது கடிந்து சொன்னது. கருவி எச்சரித்தது, எழுந்து நடக்க ஆளில்லை.

கணினி படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை பிரிட்டனில் 15,841 கொரோனா நோயாளிகள் அன்றாடக் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய விவரங்களைப் பழைய வகை எக்ஸல் அட்டவணையில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த அட்டவணையில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2-ஐ 16 முறை பெருக்கினால் வரும் எண் அது. அதற்குமேல் வந்தவை ஓசையின்றி உதிர்ந்துவிட்டன. அந்த நோயாளிகளுக்குத் தங்கள் சோதனை முடிவு தெரிந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி நாள்கணக்கில் தாமதமாயிற்று. கருவி திணறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

நம் நாட்டில்

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1994 செப்டம்பரில் குஜராத் மாநிலம் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவியது. சில நாள்களில் லட்சக்கணக்கான மக்கள் ரயிலிலும் பேருந்திலும் ஊரைவிட்டு ஓடினார்கள். வெளிநாட்டு விமானங்கள் நின்றன. அதற்கு முன் பல்லாண்டுகளாக நாட்டில் பிளேக் தென்படாததால், எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் கவனித்துவந்த பணி தளர்ந்துபோயிருந்தது. 'நோய் இல்லையே, எண்ணுவானேன்?' என்று கருவியை அணைத்து வைத்ததன் பலன் அது. நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் பத்து ஆண்டுகள் கழித்து, 2004 நவம்பரில் தொடங்கப்பட்டது.

நன்மையையும் சொல்லவேண்டும். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது நபர் நோயுற்று வந்தபோது மருத்துவர்கள் ஐயம்கொண்டார்கள். சில நாள்களுக்குள் அது நிபா வைரஸ் என்று உறுதியாயிற்று. 2019-இல் அதே மாநிலத்தில் நிபா மீண்டும் தலைகாட்டியபோது ஒரே ஒருவருடன் அடங்கியது, அவரும் பிழைத்தார். நம் தமிழ்நாட்டில், சிகிச்சைத் துறையிலிருந்து பிரிந்த தனிப் பொதுச் சுகாதாரத் துறையும், 1939-இலேயே இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டமும் உள்ளன. இந்த அடித்தளம் எல்லா மாநிலங்களுக்கும் வாய்க்கவில்லை.

ஆயினும் ஒரு கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2021 மே மாதம் என் பெரியப்பா காலமானார். ஐந்து நாள் காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல். சோதனைக்குச் சளி எடுத்தார்கள். முடிவு வருமுன்பே அவர் போய்விட்டார். சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டது. அவர் அந்த ஆண்டின் கொரோனாக் கணக்கில் இல்லை.

அப்படியானால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? விடை உங்களுக்கு இப்போது தெரியும். பின்னணியைக் கழிக்க வேண்டும்! நாட்டில் பதிவான மொத்த இறப்புகள் 2019-இல் 76.4 லட்சம்; 2020-இல் 81.2 லட்சம்; 2021-இல் 102.2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடிற்று. 2021-ஆம் ஆண்டில் கொரோனாவால் இறந்ததாக அரசு அறிவித்தவர்கள் ஏறத்தாழ 3.3 லட்சம் பேர். மீதி எல்லாமே கொரோனா இறப்பு என்று நான் சொல்லவில்லை. முன்பு விட்டுப்போன இறப்புகளும் பதிவாகத் தொடங்கியது ஒரு காரணம். மருத்துவமனைகளில் இடமின்றி வேறு நோயால் இறந்தவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்துக்கு மேற்பட்டு இறந்தவர்கள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. இந்திய அரசு அந்தக் கணக்கு முறையை ஏற்கவில்லை. உண்மை எண் எது என்பதில் அறிஞர்கள் வாதிடட்டும். நான் கேட்பது எளிய கேள்வி. 2021-ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளியாயிற்று. நான்கு ஆண்டு கழித்து 'டிக்' என்று ஒலிக்கும் கருவியால் யாரைக் காப்பாற்ற முடியும்?

ஏன் இப்படி?

எல்லா நாட்டு அரசுகளும் ஏறக்குறைய ஒரே இடங்களில் இடறுகின்றன.

முதற்காரணம், தடுக்கப்பட்ட நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய மருத்துவமனைக் கட்டடத்தைத் திறந்துவைக்கலாம், படம் எடுக்கலாம். வராத கொள்ளைநோயைப் படம் எடுக்க முடியாது. ஆகவே நோய் வந்தபோது பணம் கொட்டுகிறது, போனபின் வற்றுகிறது.

இரண்டாவது காரணம் அச்சம். நோய் என்று அறிவித்தால் வணிகம் நிற்கும், பயணிகள் வரமாட்டார்கள், ஆட்சிக்குக் கெட்ட பெயர். ஆகவே செய்தி சொன்னவர்மீதே கோபம் திரும்புகிறது. சீனாவின் வூகான் நகரில் மருத்துவர் லீ வென்லியாங் 2019 டிசம்பர் 30-ஆம் நாள் தம் நண்பர்களை எச்சரித்தார். வதந்தி பரப்பியதாக 2020 ஜனவரி 3-ஆம் நாள் போலீசார் அவரைக் கண்டித்தார்கள். பிப்ரவரி 7-ஆம் நாள் அவர் அதே நோயால் இறந்தார். அந்தக் கண்டனம் மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. முள் உயர்ந்ததற்காகக் கருவியை உடைப்பவரை ஆய்வுக்கூடத்தில் நாம் என்னவென்று சொல்வோம்?

மூன்றாவது காரணம், சொன்ன சொல்லைக் கட்டாயப்படுத்த யாருமில்லை. 2007-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, உலகுக்கே ஆபத்தாகக்கூடிய நோயை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் ஓர் அரசு அறிவிக்க வேண்டும். கண்காணிப்புத் திறனை எல்லா நாடுகளும் 2012-க்குள் பெற்றிருக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடுதல் அவகாசம் கேட்டன. அவகாசம் ஓடிக்கொண்டிருந்த 2014-இல்தான் எபோலா வந்தது. 2025 மே 20-ஆம் நாள் உலக நாடுகள் கொள்ளைநோய்க்கான ஒரு புதிய உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. தாளில் எழுதியது செவிலியரின் கைக்கும் ஆய்வகத்தின் மேசைக்கும் வந்து சேர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

"இதில் பள்ளி மாணவர்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். உங்களிடம் பென்சில் இருக்கிறது. இரட்டிப்புக் கணக்கு உங்களுக்கு இப்போது தெரியும். அடுத்தமுறை செய்தித்தாளில் டெங்கு எண்ணிக்கையோ, வேறு காய்ச்சலின் எண்ணிக்கையோ வரும்போது நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை நாளில் இரட்டிக்கிறது என்று பாருங்கள். எத்தனை பேரைச் சோதித்து இந்த எண் கிடைத்தது என்றும் தேடுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் கணக்கு எழுதும் செவிலியர் இருப்பார். ஆசிரியரின் அனுமதியோடு ஒருநாள் அவரிடம் சென்று, அந்த எண் எங்கே போகிறது, எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் ஆர்வத்தோடு கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு சொல்வார். வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். காரணத்தையும் உள்ளபடி எழுதும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்கு வாக்குரிமை வரும். உங்களில் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் கோட்டையில் அமர்ந்து கோப்புகளில் கையெழுத்திடுவீர்கள். நோய் எதுவும் இல்லாத அமைதியான ஓர் ஆண்டில், செலவைக் குறைக்கக் கண்காணிப்புப் பணியிடங்களை ரத்து செய்யலாமா என்று ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரக்கூடும். அன்று இந்தக் கட்டுரை உங்கள் நினைவுக்கு வந்தால் எனக்கு அதுவே போதும்.

சோதனை வகுப்பு முடிந்தபின் சில நாள்களில் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவியை நான் அணைப்பதில்லை. அறையில் கதிரியக்கப் பொருள் எதுவும் இருக்காது. ஆயினும் அது 'டிக்... டிக்...' என்று எண்ணிக்கொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர், "ஒன்றுமே இல்லையே, ஐயா! எதற்கு ஓட வேண்டும்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? அது ஓடிக்கொண்டிருப்பதால்தானே!" என்றேன்.